கழுத்து வலிக்காம ஊசுட்டேரியைச் சுத்தணுமா? முதல்ல ஸ்லிங்கை மாத்துங்க!

நவம்பர் வந்துட்டா வில்லியனூர் பக்கம் ஊசுட்டேரிக்கும், பாகூர் ஏரிக்கும் வலசைப் பறவைகள் வரத் தொடங்கிடும். பின்னாடியே கேமரா, பைனாகுலரோட நாமளும் கிளம்பிடுவோம். ஆனா கரையில ஒரு மணி நேரம் நடந்ததுமே கழுத்து கெஞ்ச ஆரம்பிச்சிடும். காரணம், கேமரா டப்பாவோட இலவசமா வந்த அந்த மெல்லிய கழுத்துப் பட்டைதான்.

இதுக்குத் தீர்வு ஸ்லிங். வேட்டைக்காரங்களும் சிப்பாய்களும் துப்பாக்கியைத் தோளில் மாட்டப் பயன்படுத்துற வார்தான் இது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி வேட்டை குற்றம். ஊசுட்டேரி 2008-லயே பறவைகள் சரணாலயமாகிடுச்சு. துப்பாக்கிக்கு இங்கே வேலையே இல்லை, வாருக்கு நிறைய இருக்கு.

இடது தோளில் போட்டு, குறுக்கே இறக்கி, கேமரா வலது இடுப்பில் தொங்கணும். எடை கழுத்தை விட்டுத் தோளுக்குப் போயிடும். பட்டை நாலு விரல் அகலமாவது இருக்கட்டும். நம்ம ஊர் புழுக்கத்துக்கு ரப்பர் மாதிரியான நியோப்ரீனைவிட பருத்தியே பெட்டர்ங்கிறது என் கருத்து.

முக்கியமான விஷயம், 150-600 மி.மீ. போன்ற லென்ஸே சுமார் 2 கிலோ இருக்கும். அதனால ஸ்லிங்கை கேமரா பாடியில மாட்டாதீங்க, லென்ஸின் அடியில் இருக்கும் டிரைபாட் காலில் மாட்டுங்க. இல்லைன்னா மொத்த எடையும் லென்ஸ் மவுன்ட்டை இழுக்கும். அந்த ஸ்க்ரூ நடக்க நடக்க லூஸாகும். அரை மணிக்கு ஒரு தடவை விரலால முறுக்கிப் பாருங்க. கூடவே ஒரு சின்ன பாதுகாப்புக் கயிறும் இருக்கட்டும். ஏரிக்குள்ள விழுந்த லென்ஸை யாரும் சரிபண்ணித் தர மாட்டாங்க!

துப்பாக்கி சுடுறவங்க வாரைக் கையில சுத்தி இழுத்துப் பிடிப்பாங்க, குறி ஆடாம இருக்க. அதே டெக்னிக் இங்கேயும் செல்லும். கேமராவை முகத்துக்குக் கொண்டுவரும்போது வார் விறைப்பாகுற அளவுக்கு நீளத்தைக் குறைச்சுப் பாருங்க, நடுக்கம் குறையும். பைனாகுலர்னா, வாருக்குள்ள ரெண்டு முழங்கையையும் நுழைச்சு வெளிப்பக்கமா விரிங்க. தூரத்து ஊசிவால் வாத்துகூட ஆடாம நிக்கும்.

பைக்ல போறப்ப மட்டும் ஸ்லிங் தோளில் வேண்டவே வேண்டாம். தொங்குற வார் சக்கரத்துல சிக்கிடும், கீழே விழுந்தா கேமரா விலாவுல இடிக்கும். பையில வெச்சுட்டுப் போங்க, கரையில இறங்கி மாட்டிக்கலாம்.