இருளில் பிறந்த படச்சுருள்

நம் இல்லங்களின் பழைய டிரங்குப் பெட்டிகளில் கருப்பு வெள்ளைப் படங்கள் சில இன்றும் உறங்குகின்றன. முதல் நற்கருணை நாளில் மெழுகுதிரி ஏந்தி நிற்கும் சிறுவன், ஆலய வாயிலில் மாலை சூடிய மணமக்கள், நாற்காலியில் விறைப்பாக அமர்ந்த பாட்டனார். இவர்களுடைய முகங்களைத் தாங்கிய படச்சுருள் எங்கே ஆக்கப்பட்டது என்று நாம் கேட்டதில்லை. 1967-க்குப் பின் எடுத்த படமாயின், அது நீலகிரி மலையில் உருவான சுருளாக இருக்கக்கூடும்.

படக்கலை நீலகிரிக்கு வந்தது அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே. ஆல்பர்ட் பென் என்ற ஆங்கிலேயர் 1870-களில் உதகையில் படக்கூடம் நடத்தினார். அந்நாளில் கண்ணாடித் தகட்டின் மேல் மருந்து பூசி, அது உலருமுன்னரே படம் பிடித்து, உடனே கழுவிவிட வேண்டும். ஆகவே படம் பிடிப்பவர் தம்மோடு ஓர் இருட்டுக் கூடாரத்தையும் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. படத்தில் நிற்பவரோ சில நொடிகள் அசையாதிருக்க வேண்டும். அக்காலப் படங்களில் முகங்கள் இறுகிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தோடர்களை வெள்ளையர் பலர் விரும்பிப் படம் பிடித்தனர். 1873-இல் மார்ஷல் என்ற படை அதிகாரி தோடர்களின் மண்டை வடிவை ஆராய்ந்து படங்களுடன் ஒரு நூலே வெளியிட்டார். அத்தகைய படங்கள் இங்கிலாந்து அருங்காட்சியகங்களில் இன்றும் உள்ளன. பெரும்பாலானவற்றின் கீழ் ‘தோடர் ஆடவர்’, ‘தோடர் பெண்’ என்ற குறிப்பே உண்டு, பெயர் இல்லை. படத்தில் இருந்தவர் அப்படத்தைக் கண்டாரா என்பதும் ஐயமே.

அதே மலையில், நாடு விடுதலை பெற்ற பின், மைய அரசு படச்சுருள் ஆலை ஒன்றை நிறுவியது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அந்நிறுவனம் 1960-இல் பதிவு பெற்றது. பிரான்சு நாட்டு பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1967-இல் உற்பத்தி தொடங்கியது. திரைப்படச் சுருள், கேமராச் சுருள், படத்தாள், மருத்துவமனைக்குரிய எக்ஸ்-ரே பிலிம் எனப் பலவும் ‘இந்து’ என்ற பெயரில் வெளிவந்தன. இப்பெயர் சமயத்தைக் குறிப்பதன்று. திங்களைக் குறிக்கும் வடசொல். ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பும் இந்து நகர் ஆயிற்று.

உதகையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. படச்சுருளுக்குப் பகை தூசும் வெப்பமும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த, தூசு குறைந்த காற்று இயற்கையாகவே கிடைத்தது. 1932 முதல் பைக்காரா நீர்மின்சாரமும் அருகிலேயே இருந்தது.

அங்கு நடந்த வேலை வியப்புக்குரியது. வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, உப்புகளோடு ஜெலட்டினில் கலந்து, ஒளிபுகும் மெல்லிய சுருளின் மேல் ஒரே சீராகப் பூச வேண்டும். இப்பூச்சின் மேல் ஒளி பட்டால் யாவும் பாழ். எனவே முதன்மையான பணிகள் இருளிலும் மங்கிய வண்ண விளக்கொளியிலுமே நடைபெறும். பார்வைக்குரிய பொருளை ஆக்கியவர்கள் பார்வையின்றி, கைப்பழக்கத்தாலும் கால்பழக்கத்தாலும் வேலை செய்தனர். ஜெலட்டினோ மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. 1920-களில் அமெரிக்கக் கோடாக் ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டறிந்தனர். மாடுகள் கடுகினச் செடிகளை மேய்ந்ததால் ஜெலட்டினில் சேரும் கந்தகப் பொருளே பூச்சின் ஒளியுணர்வைக் கூட்டுகிறதாம்! புலால் மறுத்தவர் இல்லத் திருமண ஆல்பத்திலும் மாட்டெலும்புக்குப் பங்குண்டு என்பதை யார் எண்ணினார்கள்?

அந்நாளில் பல வீடுகளில் இருந்த அக்பா கிளிக் கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படங்களே எடுக்க முடியும். அந்தச் சிக்கனம் குடும்ப வழக்கங்களையே வடிவமைத்தது. யாரை முன்வரிசையில் அமர்த்துவது, எந்த நாளுக்குப் படம் எடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்தனர். மூத்தோர் நடுவில், மருமக்கள் பின்னால், சிறுவர் தரையில். குடும்பத்தின் ஒழுங்கே படத்தின் ஒழுங்காயிற்று.

தேயிலைத் தோட்டத்து எளியவருக்கோ படம் வேறு வழியாக வந்தது. 1964-இல் கையெழுத்தான சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்க்கென, 1968 முதல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. அவர்களுள் பலருக்கு, கடவுச்சீட்டுக்காக எடுத்த படமே வாழ்வின் முதல் படமாயிருந்திருக்கும். மகிழ்ச்சிக்காக எடுத்த படமன்று. ஆயினும் அதன் கீழே ஒரு பெயர் இருந்தது.

இவ்வாலை ஏன் வீழ்ந்தது? கைப்பேசிக் கேமரா அதை வீழ்த்தியது என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். ஆண்டுகளைப் பார்த்தால் அது பொருந்தாது. நலிந்த நிறுவனம் என அது அறிவிக்கப்பட்டது 1996-இல். அப்போது நம் வீடுகளில் டிஜிட்டல் கேமரா ஏது? உண்மை என்னவெனில், தமிழ்த் திரையும் மக்களும் வண்ணத்துக்கு மாறியபோது, வண்ணச் சுருளை முழுமையாகத் தானே ஆக்கும் ஆற்றல் ஆலைக்கு வாய்க்கவில்லை. அயல்நாட்டுப் பெரிய உருளைகளை வரவழைத்து வெட்டி விற்கும் நிலையே இருந்தது. வெள்ளியின் விலை 1979-க்கும் 1980 சனவரிக்கும் இடையே உலகச் சந்தையில் எட்டு மடங்களவு உயர்ந்து, படச்சுருள் தொழில் முழுவதையுமே உலுக்கியது. பாலியெஸ்டர் எக்ஸ்-ரே பிலிமுக்கென எடுத்த புதிய முயற்சி பெருங்கடனாய் முடிந்தது. 1991-க்குப் பின் இறக்குமதிக் கதவும் அகலத் திறந்தது. நம் கருத்தில், ஒரு தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்கலாம். அதன் அடுத்த படியை நாமே கண்டறியாவிடில் ஒவ்வொரு முறையும் பிறர் வாயிலில்தான் நிற்க வேண்டும்.

எனினும் அடுத்த படியைக் கண்டவரும் தப்பவில்லை. 1975-இல், உதகை ஆலை உற்பத்தி தொடங்கிய எட்டாம் ஆண்டில், கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவை அமைத்தார். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 நொடிகள் தேவைப்பட்டன. சுருள் விற்பனையில் செழித்திருந்த அந்நிறுவனம் அதை முழுமனத்துடன் ஏற்கவில்லை. 2012-இல் நொடிப்பு நிலைக்கு வந்து நீதிமன்றத்தை நாடியது. உதகை ஆலையை மூட மைய அரசு ஒப்புதல் அளித்தது 2014-இல். பல ஆண்டுகள் இருளில் உழைத்துக் கற்ற தொழில்திறன், வெளியே எந்த வேலைக்கும் உதவாத திறனாய் முடிந்தது. உதகைக்கு இது சிறு இழப்பன்று.

அவர்கள் ஆக்கிய படச்சுருள்களோ இன்னும் நம் வீடுகளில் உள்ளன. நன்றாகக் கழுவிய கருப்பு வெள்ளைப் படம் நூறாண்டும் நிலைக்கும். 1980-களின் வண்ணப் படங்களே சிவந்து மங்கிவிட்டன. நெகட்டிவ்களில் காடி நாற்றம் வீசினால் அடிச்சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வைத்து, விரைவில் படியெடுத்துவிட வேண்டும். பெயர் தெரிந்த மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே, ஒவ்வொரு படத்தின் பின்னும் அதிலுள்ளவர் பெயரையும் ஊரையும் எழுதிவைக்கலாம். பேனா வேண்டாம்; மை தாளில் ஊறி முகத்தின் மேல் தெரியும். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதினால் போதும்.