இரண்டு வருடம் சுமந்த பிப்ரவரி

இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை 1649 ஜனவரி 30 அன்று லண்டனில் வெட்டப்பட்டது. அதற்கு முந்தின நாள் தேதியிட்ட மரண ஆணை இன்றும் இருக்கிறது. 59 பேரின் கையெழுத்தும் அரக்கு முத்திரைகளும் அதில் வரிசையாகத் தெரிகின்றன. வருடம் மட்டும் 1648.

எழுதியவர் கை தவறவில்லை. அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல்தான், மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாளில். சித்திரையில் பிறந்த வருடத்துக்குள்ளேயே தையும் மாசியும் வந்துபோவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஊரார் ஜனவரி 1-ஐயே புத்தாண்டு நாள் என்று சொல்லிவந்தார்கள். பக்கத்து ஸ்காட்லாந்தோ 1600-லேயே ஆண்டுப் பிறப்பை ஜனவரிக்கு மாற்றிக்கொண்டது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரையிலான தேதிகளில் சாய்கோடு போட்டு இரண்டு ஆண்டுகளையும் எழுதினார்கள். சாமுவேல் பீப்ஸின் புகழ்பெற்ற நாட்குறிப்பு தொடங்குவது 1659/60 ஜனவரியில். அந்தச் சின்னக் கோடு எத்தனை பெரிய உதவி!

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பதிவேடுகளில் இன்னும் கவனம் வேண்டும். மாதப் பெயர்களில் ரோமானியக் கடவுளர் இருப்பதால் அவர்கள் எண்ணால் மட்டுமே எழுதினார்கள். மார்ச்தான் முதல் மாதம். ஆக, 1700-ல் எழுதப்பட்ட ‘மூன்றாம் மாதம்’ என்பது மே.

1752-ல் இதெல்லாம் முடிவுக்கு வந்தது. ஆண்டு ஜனவரி 1-ல் பிறந்தது. ஐரோப்பாவோடு ஒத்துப்போக செப்டம்பர் 2 புதனுக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழன் ஆனது. 1731 பிப்ரவரி 11-ல் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டனுக்கு இப்படித்தான் 1732 பிப்ரவரி 22 பிறந்தநாளாயிற்று. பிரிட்டனின் வரி ஆண்டு இன்றும் ஏப்ரல் 6-ல் தொடங்குவது அந்தப் பழைய மார்ச் 25-ன் மிச்சம்.

சென்னையின் வரலாற்றிலும் இந்தச் சாய்கோடு குறுக்கிடுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேயும் ஆண்ட்ரூ கோகனும் கோட்டை கட்ட இங்கே வந்திறங்கியது 1640 பிப்ரவரியில். கம்பெனியின் பழைய கணக்கில் அது 1639. உள்ளூர் நாயக்கர் அந்த இடத்தைக் கொடுத்த நாளாகக் கருதி சென்னை தினமாகக் கொண்டாடுவதோ 1639 ஆகஸ்ட் 22. சாய்கோட்டைக் கவனிக்காமல் படித்தால், நாயக்கர் இடம் கொடுப்பதற்கு ஆறு மாதம் முன்பே வெள்ளைக்காரர்கள் கடப்பாரையோடு கரையில் நிற்பார்கள்.