ஓடாததையும் எண்ணும் பட்டியல்: மெய்நிகர்ச் சேவையகப் பிரிவுகளின் கட்டளை வரலாறு, 1967–2013

முன்னுரை

யாழ்ப்பாணத் தீவகத்தில் காணி கைமாறும்போது முதலில் உறுதியைத்தான் பார்ப்பார்கள். காணியின் பெயர், பரப்பு, நாற்புற எல்லை ஆகியவை அதில் இருக்கும். இன்று அங்கே ஆள் குடியிருக்கிறாரா என்பதை அது சொல்லாது. 1990–91 காலப் போரில் ஊர்காவற்துறை, வேலணை, புங்குடுதீவு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். வீடுகள் வெறிச்சோடின, காணிகள் காணிகளாகவே இருந்தன. இருப்பது வேறு, இயங்குவது வேறு. ஒரே சேவையகத்தைப் பல பிரிவுகளாக்கி, அவற்றைக் கட்டளைவரியில் பட்டியலிடும் முறை வளர்ந்த வரலாற்றையும் இந்த வேறுபாட்டை வைத்தே விளங்கிக்கொள்ள முடியும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இரண்டு ஏடுகள்

ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம் 1967இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த சிபி-40, ஒரு கணினியை 14 மெய்நிகர்க் கணினிகளாகக் காட்டியது. அதன் வழிவந்த விஎம்/370 1972இல் அறிவிக்கப்பட்டது. அதில் பயனர் கணினிகளின் வரையறை முழுவதும் ஓர் அடைவில் இருந்தது. ‘குவெரி நேம்ஸ்’ கட்டளையோ அந்த நேரத்தில் உள்நுழைந்திருப்பவர்களை மட்டும் காட்டியது. ஆகவே பதிவேடும் வருகைப் பட்டியலும் தொடக்கத்திலேயே பிரிந்து நின்றன.

ஐபிஎம் 1988இல் 3090 பெருங்கணினிகளுக்கு ஏரணப் பிரிவுகளைத் தந்தது. 2001இல் பவர்4 சேவையகங்களுக்கும் அவை வந்தன. இந்தப் பவர் சேவையகங்களின் மேலாண்மைக் கன்சோலில் ‘எல்எஸ்சிஸ்சிஎஃப்ஜி’ கட்டளை வேறு வழியில் போனது. வரையறுத்த பிரிவுகள் எல்லாவற்றையும் அது அடுக்கும். ஓடுகிறதா, இயக்கப்படவில்லையா என்பது ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறிப்பாக வரும்.

பட்டியல் பிந்தி வந்த கதை

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் 4.0 பதிப்பு, 2000ஆம் ஆண்டில் ‘ஜெயில்’ என்னும் பிரிப்பு முறையைக் கொண்டுவந்தது. அவற்றைப் பட்டியலிடும் ‘ஜேஎல்எஸ்’ கட்டளை 2003இல் வெளியான 5.1 பதிப்பில்தான் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் நிர்வாகி செயல்முறைகளின் வரிசையில் ‘ஜே’ குறியைத் தேடி, எது சிறைக்குள் ஓடுகிறது என்று கண்டுகொள்ள வேண்டியிருந்தது. பிரிப்பது ஒரு வேலை, பிரித்ததைக் கணக்கில் வைப்பது இன்னொரு வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2005 ஜனவரியில் வெளியான சோலாரிஸ் 10 இயங்குதளம் இந்தக் கணக்கை ஒழுங்காக்கியது. அதில் ‘சோன்’ எனப்படும் பிரிவு ஒவ்வொன்றுக்கும் நிலை உண்டு: வரையறுக்கப்பட்டது, நிறுவப்பட்டது, ஆயத்தமானது, ஓடுவது எனப் படிப்படியாக அது நகரும். ‘சோன்அட்ம் லிஸ்ட்’ என்று மட்டும் எழுதினால் ஓடுபவை வரும். ‘ஐ’ தெரிவு நிறுவியவற்றையும், ‘சி’ தெரிவு வரையறுத்தவை அனைத்தையும் சேர்த்துத் தரும். விவரம் கேட்கும் ‘வி’ தெரிவோடு பார்த்தால், ஓடாத சோனுக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு நிற்கும். எண் இல்லாவிட்டாலும் அதற்குரிய வரி இருக்கிறது.

ஓபன்விசெட்டின் ‘விசெட்லிஸ்ட்’, லிப்வெர்ட்டின் ‘வெர்ஷ் லிஸ்ட்’, 2013இல் வந்த டாக்கரின் ‘பிஎஸ்’ ஆகிய பிற கருவிகளின் பட்டியல் கட்டளைகளும் கேட்டால்தான் நின்றவற்றைச் சொல்லும்.

முடிவுரை

ஓடுபவற்றை மட்டும் முதலில் காட்டும் இந்தப் பழக்கத்தின் வேர், இப்போது இயந்திரத்தில் யார் இருக்கிறார்கள் என்று கணினியை இயக்குபவர் கேட்ட பழைய கேள்வியில் இருக்கிறது. ஆனால் நிறுத்திவைத்த பிரிவும் வட்டில் இடம் பிடித்திருக்கிறது; அதன் வரையறையில் ஐபி முகவரி எழுதியிருக்கிறது. ஓடுபவை மட்டும் உள்ள குறும்பட்டியலை நம்பி அந்த முகவரியை வேறொன்றுக்குக் கொடுத்தால், பழைய பிரிவை மீண்டும் எழுப்பும் நாளில் இரண்டும் மோதும். அதன் வட்டிடத்தை வெற்றிடம் என்று எண்ணி அழித்தால் மீட்க வழியில்லை. இடம்பெயர்ந்தவரின் காணியை ஆளில்லாக் காணி என்று எழுதிவிடுவதும் இதே வகைப் பிழைதான். எதையும் நீக்குவதற்கு முன் முழுப்பட்டியலைக் கேட்பதே நல்ல நிர்வாகத்தின் முதற்கடமை.