டொக்டர் மேரி ரட்ணம்: மலையகப் பெண்களும் அறிந்திருக்க வேண்டிய ஒரு வாழ்க்கை

இலங்கையில் முதலாவது குடும்பக் கட்டுப்பாட்டுச் சிகிச்சை நிலையம் 1937ஆம் ஆண்டு கொழும்பில் திறக்கப்பட்டது. அதைத் திறந்தவர் டொக்டர் மேரி ரட்ணம். கனடாவில் பிறந்து, யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்து, ஆறு தசாப்தங்களுக்கும் மேலாக இந்த நாட்டுப் பெண்களுக்காக உழைத்த மகப்பேற்று வைத்தியர் அவர். கொழும்புப் பெண்கள் அமைப்புகள் அவரை நினைவுகூருகின்றன. வடக்கில் சிலருக்குத் தெரியும். மலையகத்தில் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு.

நான் பதுளை மாவட்டம் மீரியபெத்தவைச் சேர்ந்தவள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவு எங்கள் லயங்களை மூடிய பிறகுதான் வெளியுலகம் எங்கள் ஊரின் பெயரை அறிந்தது. அது ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. ஆனாலும் மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். எங்கே குடியிருப்பது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் நாங்கள் இருக்கவில்லை. எத்தனை பிள்ளை பெறுவது என்ற விடயத்திலும் எங்கள் பெண்களின் நிலை நெடுங்காலம் இதுதான். அதனால்தான் மேரி ரட்ணத்தின் கதையை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம் மறுத்த வைத்தியர்

மேரி ஏர்வின் 1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த காலத்தில் ரொறன்ரோ பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்து வைத்தியரானார். அமெரிக்க மிஷன் அவரை யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கான மருத்துவப் பணிக்குத் தெரிவு செய்தது. புறப்படுவதற்கு முன், 1896இல், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணத்தை மணந்துகொண்டார்.

வெள்ளைக்காரப் பெண் வைத்தியர் ஒரு தமிழரை மணந்ததை யாழ்ப்பாணத்திலிருந்த மிஷனரிமார் ஏற்கவில்லை. தமிழரின் ஆன்மாவைக் காப்பாற்ற வந்தவர்களுக்குத் தமிழர் ஒருவர் சக மிஷனரியின் கணவராக இருப்பது பொறுக்கவில்லை. மேரி மிஷனை விட்டு விலக வேண்டியதாயிற்று. இணுவில் மக்லியொட் வைத்தியசாலை வேறொரு பெண் வைத்தியரான இசபெல்லா கேரின் பொறுப்பில் வளர்ந்தது.

மேரி கொழும்பில் தங்கினார். பெண்களுக்கான லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் சிறிது காலம் பணியாற்றிவிட்டுத் தனியாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டக் கூசிய பெண்கள் அவரிடம் வந்தார்கள்.

வைத்தியத்திலிருந்து வாக்குரிமைக்கு

மருந்து கொடுத்து அனுப்பிய பெண்ணை அதே வறுமையும் அதே அறியாமையும் மீண்டும் நோயாளியாக்கித் திருப்பி அனுப்புவதை அவர் கண்டார். அவருடைய பொதுவாழ்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1904இல் இலங்கைப் பெண்கள் சங்கம், 1909இல் தமிழ் மகளிர் சங்கம், 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம், 1930களின் தொடக்கத்தில் கிராமப் பெண்களுக்கான லங்கா மகிளா சமிதி என்று அவர் கைபட்ட அமைப்புகள் பல. பாடசாலைகளுக்குச் சுகாதாரக் கைநூலும் மனையியல் கைநூலும் எழுதினார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகி அதன் முதல் பெண் உறுப்பினரானார். சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டிப் பின்னர் அந்த ஆசனம் பறிக்கப்பட்டது. 1958இல் ரமொன் மக்சேசே விருது கிடைத்தது. 1962இல் காலமானார்.

இதில் எங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இடம் பெண்கள் வாக்குரிமைச் சங்கம். சங்கம் முதலில் கேட்டது படிப்பு, சொத்து போன்ற தகுதியுள்ள பெண்களுக்கான வாக்கைத்தான். டொனமூர் ஆணைக்குழுவினர் குறுக்குக் கேள்வி கேட்டார்கள்: தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வேண்டுமா? அவர்களும் பெண்கள்தான், எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று பதில் சொன்னதாகச் சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1931இல் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. வதிவிட நிபந்தனைகளைத் தாண்டி, கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்களில் பலரும் வாக்காளர்கள் ஆனார்கள்.

அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த வாக்கைப் பறித்தன. முழுமையாக மீட்டெடுக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1937: இரண்டு விதமான வைத்தியர்கள்

1937இல் குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லே பாவமாகப் பார்க்கப்பட்டது. கத்தோலிக்கத் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. மேரி பின்வாங்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பிள்ளை பெற்று உடல் தேய்ந்து போகும் பெண், அடுத்த பிள்ளை எப்போது என்பதைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்பதே அவருடைய நிலைப்பாடு.

அதே 1937இல் ஜேர்மனியில் எர்ன்ஸ்ட் கிராஃபென்பேர்க் என்ற யூத மகப்பேற்று வைத்தியர் நாசிகளால் சிறையில் அடைக்கப்பட்டார். இன்று நாம் ‘லூப்’ என்று சொல்லும் கருப்பைச் சாதனத்தின் முன்னோடியான வளையத்தை உருவாக்கியவர் அவர். பின்னர் நண்பர்களின் முயற்சியால் விடுபட்டு அமெரிக்கா சென்றார். மறுபுறம், கொனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் பெண்நோயியல் பேராசிரியராக இருந்த கார்ல் கிளவ்பேர்க் ஓஷ்விட்ஸ் வதைமுகாமில் சிறைப்பட்ட பெண்களின் கருப்பைக்குள் இரசாயனம் செலுத்தி மலடாக்கும் பரிசோதனைகளை நடத்தினார். ஒரு நாளில் எத்தனை நூறு பெண்களை மலடாக்கலாம் என்று ஹிம்லருக்குக் கணக்கு எழுதி அனுப்பினார். சோவியத் சிறையிலிருந்து 1955இல் நாடு திரும்பியபோதும் தன் ‘ஆய்வை’ப் பற்றிப் பெருமை பேசினார். யூத அமைப்பின் முறைப்பாட்டினால் மீண்டும் கைதாகி, விசாரணைக்கு முன்பே 1957இல் இறந்தார்.

மூவரும் ஒரே துறையைப் படித்தவர்கள். கருத்தரிப்பைத் தடுக்கும் அறிவு மூவரிடமும் இருந்தது. முடிவை யார் எடுப்பது என்பதில்தான் வேறுபாடு.

தோட்டத்துக்கு வந்தபோது

என் அம்மாயி லயத்துக் காம்பராவிலேயே ஏழு பிள்ளை பெற்றார். தங்கியது மூன்று. தோட்டங்களில் சிசு மரணம் நாட்டின் சராசரியைவிட நெடுங்காலம் அதிகமாகவே இருந்தது. மேரி ரட்ணம் பேசிய குடும்பக் கட்டுப்பாடு அம்மாயியின் காலத்தில் எங்களிடம் வரவில்லை.

அம்மாவின் காலத்தில் வந்தது, வேறு உருவத்தில். 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. “மூணாவது புள்ளைக்குப் பொறகு ஆப்பரேசனுக்கு வரச் சொன்னாங்க, லொறியில ஏறிப் போனோம்” என்றுதான் அம்மா சொல்வார். வேறு முறைகள் உண்டா, இது நிரந்தரமா என்று யாரும் அவருக்கு விளக்கவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நான்காவது பிள்ளையை வளர்க்கும் வசதி இருக்கவில்லை. ஆனால் அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது “நான் முடிவெடுத்தேன்” என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. நிரந்தரக் கருத்தடையின் பங்கு தோட்டத்துறையில் ஏனைய பகுதிகளைவிட உயர்ந்திருந்ததை நாடளாவிய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன.

வடக்கு வாசகர்களுக்கு இது புதிதல்ல. 2013 ஓகஸ்டில் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், உரிய விளக்கமும் சம்மதமும் இல்லாமல் தாய்மாருக்குக் கையில் கருத்தடைக் குச்சிகள் பொருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. போரில் பிள்ளைகளை இழந்த தாய்மார் வாழும் மண்ணில் அது என்ன அச்சத்தை ஏற்படுத்தியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இதைப் படிக்கும் பெண்கள் குடும்பக் கட்டுப்பாட்டை வெறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது எங்கள் உயிரைக் காக்கும் அறிவு. கிளினிக்கில் படிவத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது தற்காலிகமா, நிரந்தரமா? தற்காலிகம் என்றால் எத்தனை ஆண்டு, நினைத்தபோது யார் அகற்றித் தருவார்கள்? என்ன பக்கவிளைவு வரலாம்? வேறு என்ன முறைகள் இருக்கின்றன? விளக்கம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். யோசிக்க அவகாசம் வேண்டும் என்றும் சொல்லுங்கள். மகப்பேற்று வலி எடுத்திருக்கும் நேரத்தில் யாராவது படிவத்தை நீட்டினால், பிறகு பார்ப்போம் என்று சொல்வதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.