குடியுரிமையும் வாக்குரிமையும்: இலங்கை மலையகத் தமிழர் வரலாற்றிலிருந்து

ஒரு நாட்டிற்குள் வந்து குடியேறியோருள் யாரை அந்நாட்டவராக ஏற்பது என்பது குடிவரவுச் சட்டத்தோடு முடியும் வினாவன்று. அதன் விடை தேர்தல் களத்தையும் அண்டை நாட்டுறவையும் மாற்றவல்லது. இலங்கை மலையகத் தமிழரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தென்னிந்தியாவிலிருந்து தோட்டத் தொழிலுக்குச் சென்றோரின் வழியினர் 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்களித்தனர். தேர்ந்தெடுக்கப்படவேண்டிய 95 இடங்களுள் ஏழு இடங்களை இலங்கை இந்தியக் காங்கிரசு வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்க்குத் துணைநின்றன. டி.எஸ். சேனநாயக்கா அரசு இதனைக் கவனியாமல் இல்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இலங்கையில் பிறந்தவரிடமும் மேலும் ஒரு சான்று கேட்டது. தந்தை அந்நாட்டில் பிறந்திருக்கவேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்கவேண்டும். லயத்து அறையில் வாழ்ந்த தொழிலாளி பூட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவார்? 1957இல் மலாயா தன் மண்ணில் விடுதலை நாள்முதல் பிறப்போர்க்குப் பிறப்பாலேயே குடியுரிமை அளித்ததை மாணவர்கள் இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் நலம்.

1949இல் வாக்குரிமை குடிமக்களுக்கு மட்டுமே உரியதாக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓரிடமும் கிட்டவில்லை. இதனினும் நுட்பமான விளைவு ஒன்றுண்டு. தொகுதிகளைப் பிரிக்கும்போது மக்கள்தொகைக் கணக்கில் வாக்கற்றோரும் சேர்க்கப்பட்டனர். எனவே மலைநாட்டுத் தொகுதிகளின் எண்ணிக்கை குறையவில்லை. அங்கே எஞ்சிய சிங்கள வாக்காளரின் வாக்குக்கு மட்டும் எடை கூடியது. வடபுலத் தமிழ் அரசியலும் பிளவுண்டது. ஜி.ஜி. பொன்னம்பலம் அரசில் அமைச்சராக இருக்க, அவரைப் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்.

இந்தியாவோ, இம்மக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆகிவிடார் என்றது. இரு நாடுகளுக்கும் இடையே நின்றவர்க்கு ‘நாடற்றவர்’ என்ற பெயர் வாய்த்தது. மற்றொரு சொல்லையும் இங்குக் குறிப்பிடவேண்டும். ‘கள்ளத்தோணி’ என்பது முதலில் அனுமதியின்றிக் கடல் கடந்து வந்தவரைச் சுட்டியது. பின்னர் தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்த தோட்டத் தமிழர் மீதும் வசைச்சொல்லாக வீசப்பட்டது. பொருள் விரிவு என்று மொழியியலில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இச்சொல்லின் விரிவிற்குப் பின்னே சட்டத்தின் கை இருந்தது.

1954ஆம் ஆண்டின் நேரு - கொத்தலாவல உடன்பாடு சிக்கலைத் தீர்க்கவில்லை. 1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டோருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். தலைவர்கள் மாறினர், ஒப்பந்தப் பேச்சில் அம்மக்களின் விருப்பம் முதன்மை பெற்றதில்லை. கொழும்பும் புது தில்லியும் நல்லுறவு பேணியதற்கான விலையை அவர்களே செலுத்தினர் என்பது நம் கருத்து.

தாயகம் திரும்பியோரைக் குடியமர்த்தவே தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. இலங்கையில் ‘இந்தியர்’ எனப்பட்டவர் அங்கே ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். இலங்கையில் எஞ்சியோர் சார்பில் 1977இல் சௌ. தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். படிப்படியாக வாக்கு எண்ணிக்கை கூடக் கூட அரசுகளும் இறங்கிவந்தன. 1988இல் ஒரு சட்டமும், 1964 அக்டோபர் 30 முதல் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்க 2003இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன.