திருகோணமலை மரமும் கச்சேரி அனுமதியும்

சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னர், நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்குகளையும் பேரலைகளினூடாகக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். ஆணி அடியாமல், பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்துச் செய்யப்பட்ட அப்படகுகளுக்குரிய மரம் எங்கள் துறைமுகத்திலிருந்தே சென்றது. நாம் சவண்டலை என்றும் சிங்களவர் ஹல்மில்ல என்றும் வழங்கும் அம்மரத்தை, ஏற்றுமதியான இடத்தின் பெயரால் 'திருகோணமலை மரம்' என்றே சென்னையில் அழைத்தனர். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட தமது நூலில் இதனைக் குறிப்பிடுகின்றார். கடற்புழு இம்மரத்தை அரிக்காது என்றும், இதிலுள்ள எண்ணெய்ப் பசை இரும்பைக் காக்கும் என்றும் அக்காலத்தவர் நம்பினர். ஆணியே இல்லாத படகுக்கு இரண்டாவது குணம் எதற்கு என்று கேட்கலாம். வண்டிக்கும் பீப்பாவுக்கும் வேறு படகுகளுக்கும் இதே மரந்தான் பயன்பட்டது.

இடையில் ஒரு வேடிக்கை. திருகோணமலை என்னும் பெயரைத் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதந்துகொண்டிருக்கின்றது. மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் அதுவே மிகப் பழையது என்பர். 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் கப்பற்றளத்தில், மலபார்த் தேக்கால் கட்டப்பட்ட கப்பல் அது. எங்கள் பெயர் அங்கே போயிற்று. எங்கள் மரம் சென்னைக்குப் போயிற்று.

இந்த மரத்தை வெட்டியவர் யார், யாரிடம் கேட்டு வெட்டினார் என்பதே எனது அக்கறை. துறைமுகத்தைச் சுற்றியிருந்த காட்டில் சவண்டலையும் முதிரையும் பாலையும் கருங்காலியும் நின்றன. ஊரவர் வீட்டுக்கும் வண்டிக்கும் வேண்டியதை வெட்டினர்; சேனைக்குக் காடு எரித்தனர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலம் அனைத்தும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியதென்று அனுமானித்தது. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு குடியானவனின் தலையில் விழுந்தது. எட்டு ஆண்டுகளின் பின், 1848இல், முடிக்குரிய காணியில் அனுமதியின்றி மரம் வெட்டுவதைக் குற்றமாக்கிய 24ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ரெனன்ற் அதிகாரத்தில் இருந்த காலமும் அதுவே. சவண்டலையின் சிறப்பை அச்சில் புகழ்ந்த அதே நிர்வாகி பதவியிலிருந்தபோதுதான், அதனைக் கேளாமல் வெட்டும் ஊரவன் திருடனானான்.

பின்னர் வந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் அழிந்ததைக் கண்டு, கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் எச்சரித்தார். இந்திய வனத்துறையைச் சேர்ந்த வின்சென்ற் 1882இல் அறிக்கை கொடுத்தார். 1885இல் வனச் சட்டம் வந்தது. 1907இன் 16ஆம் இலக்க வனக் கட்டளைச்சட்டம் திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. இவையெல்லாம் காட்டு மரத்தைப் பற்றியவை. அரசு தன் சொத்தைத் தான் காத்துக்கொள்ளும் சட்டங்கள். வீட்டு வளவில் நிற்கும் மரத்தை அவை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

வளவுக்குள் சட்டம் நுழைந்தது 1951இல். மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் அவ்வாண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்படும் மரங்களாக மக்கள் இன்றும் அறிந்திருப்பவை மூன்று: பலா, ஈரப்பலா, பெண்பனை. பட்டியலைப் பார்த்த உடனேயே அதன் நோக்கம் விளங்கிவிடுகின்றது. மூன்றும் சோற்றுக்கு மாற்றானவை. 1942இல் பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது, பலாக்கொட்டையும் ஈரப்பலாவும் மரவள்ளியும் ஒடியலும் எத்தனை அடுப்புகளைக் காத்தன என்பதை அத்தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். 1951இல் அந்த நினைவு ஆறியிருக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1953 ஓகஸ்டில், அரிசி விலையேற்றத்தை எதிர்த்து நாடே ஹர்த்தாலில் நின்றது. மரத்தைக் காப்பதென்பது அன்று சூழலியல் அன்று, பசி.

பெண்பனை என்று சட்டம் பிரித்துச் சொன்னது எனக்கு என்றுமே வியப்பளிப்பது. நுங்கும் பனம்பழமும் கிழங்கும் பெண்பனை தருவன. ஆண்பனை பாளையில் கள்ளைத் தரும்; காய்க்காது. ஆனால் கூரை வளைக்கும் தச்சனும் வைரம் பாய்ந்த பெண்பனையையே விரும்புவான். ஆகவே கோடரிக்கு முதலில் இரையாகக்கூடிய மரமே சட்டத்தின் காவலையும் பெற்றது. இச்சட்டத்தை வரைந்தவர் எவராயினும் பனையை அறிந்தவரிடம் கேட்டே வரைந்திருக்க வேண்டும்.

நடைமுறை சிக்கலானதல்ல, நீளமானது. வளவுக்காரர் விண்ணப்பம் எழுதுவார். முன்னர் விதானையாரும், 1963இல் தலைமைக்காரர் முறை ஒழிந்தபின் கிராம சேவகரும் மரத்தை வந்து பார்த்து அறிக்கை கொடுப்பர். அனுமதி கச்சேரியிலிருந்து வந்தது; 1992இன் அதிகார மாற்றத்தின் பின் பிரதேச செயலாளரிடமிருந்து வருகின்றது. வெட்டிய மரத்தை ஏற்றிச் செல்ல வேறோர் அனுமதியும் வேண்டும். நிருபராகக் கச்சேரிக்கு அலைந்த காலத்தில் அத்தகைய விண்ணப்பங்கள் சிலவற்றை வாசிக்க வாய்த்தது. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே காரணங்கள்: கிளை கூரையில் சாய்கின்றது, காய்ப்பு நின்றுவிட்டது, மகளுக்குக் கட்டும் வீட்டுக்குக் கதவு நிலை வேண்டும். மரத்தின் சுற்றளவு அடியிலும் அங்குலத்திலும். எல்லை கிணற்றிலிருந்தும் வேலியிலிருந்தும். சலிப்பூட்டும் கோப்புகளென்றே அன்று எண்ணினேன். ஓர் ஏழையின் வளவில் என்ன நின்றது என்பதற்கு எழுத்திலுள்ள சாட்சி பல வேளைகளில் அவை மட்டுமே என்பது பின்னரே உறைத்தது.

துறைமுகம் 1957 ஒக்டோபர் 15இல் பிரித்தானியரிடமிருந்து இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1963இல் துறைமுகத்தை அடுத்த 18,000 ஹெக்டேயருக்கும் மேற்பட்ட நிலம் 'நேவல் ஹெட்வேர்க்ஸ்' என்ற பெயரில் சரணாலயமாக்கப்பட்டது. கடற்படையின் பெயரைத் தாங்கிய சரணாலயம் உலகில் வேறெங்கும் உண்டோ, அறியேன். அதனுள் அரச காணியில் ஒரு கொப்பை முறிக்கவும் அனுமதி வேண்டும். ஆக, காட்டுக்கு ஒரு சட்டம், சரணாலயத்துக்கு ஒன்று, வளவுக்கு ஒன்று என்று இம்மாவட்டத்தில் அனுமதி வேண்டாத நிழல் மிகக் குறைவு.

இத்தனை காவலும் துறைமுகத்தின் தென்கரையில் என்ன ஆயிற்று என்று பார்ப்போம். 2006 ஏப்ரல் குண்டுவீச்சோடு சம்பூர்ப் பகுதி மக்கள் இடம்பெயரத் தொடங்கினர். செப்டெம்பரில் இராணுவம் அவ்வூரைக் கைப்பற்றியது. 2007இல் உயர் பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. பின்னர் அதே மண் அனல்மின் நிலையத்துக்கும் முதலீட்டு வலயத்துக்கும் ஒதுக்கப்பட்டது. 2015இல்தான் மக்கள் மீளச் செல்ல முடிந்தது. நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. திரும்பியவர்கள் கண்டது வீடுகள் தரைமட்டமாக்கப்பட்ட, வேலி எங்கே ஓடியது என்றே தெரியாத வெளியை. அந்த ஒன்பது ஆண்டுகளில் அவ்வளவுகளின் பலாவுக்கோ பெண்பனைக்கோ உரிமையாளர் எவரும் அனுமதி கேட்கவில்லை. அவர்கள் முகாம்களில் இருந்தனர்.

1951ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் குறை கூறமாட்டேன். கதவு நிலைக்காக அலைந்தவனுக்கு அது தொல்லையே. எனினும் எத்தனையோ பலாக்கள் அதனால் இன்றும் நிற்கின்றன. என் ஆட்சேபம் வேறு. கோடரி ஏந்தியவனை நிறுத்தி வைக்க அதனால் முடிந்தது. புல்டோசரின் முன் அதற்கு வாயில்லை. கோடரிக்காரன் கேட்டதால் கோப்பு உண்டாயிற்று. மற்றது கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆகையால் இழந்த மரத்துக்கு நட்டஈடு கோருபவன் கையில் ஒரு துண்டுத்தாளும் இல்லை.

மக்கள் மீண்ட அந்த ஆண்டில், முதியவர் ஒருவர் தம் வளவின் நடுவே தூர்ந்து கிடந்த கிணற்றுக் கட்டில் அமர்ந்து, நின்றவற்றைச் சொல்லிக்கொண்டே போனார். கிணற்றடியில் ஒரு பலா. குசினிப் பக்கம் ஈரப்பலா ஒன்று. மேற்கு வேலியோடு பனை. "எத்தனை பனை, ஐயா?" என்று கேட்டேன். "பெண்பனை ஏழு, தம்பி. ஆண்பனையையும் எழுதுவீரோ?" என்றார். எழுதிக்கொண்டேன்.