வி.பி. பார்சலில் வந்த மருந்தும் வண்டியில் வந்த வேலிக் கம்பியும்

ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் நடுவே, ஏர்பேட்டில் ரயிலோசை கேட்டு வாழும் தமிழ்க் குடும்பத்தார் நாம். சங்க ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு நண்பர்கள் பணித்தபோது, எதை எழுதுவது என்று சில நாள் திகைத்தோம். மன்னர்களின் போர்களை எழுதுதற்குப் புலவர் பலர் உளர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதிக் காலங்கழிக்கும் நமக்குத் தெரிந்ததெல்லாம் மூட்டையும் பெட்டியும் ரசீதுமே. ஆகவே அவற்றின் வரலாற்றையே சொல்லத் துணிந்தோம். அன்பர்கள் பொறுத்தருள்க.

1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடிற்று. 1871இல் சென்னைப் பாதை ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. அது முதல் பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையே சென்ற தபாலும் சரக்கும் நம் ரேணிகுண்டா வழியே போயின. தபால் இலாகா 1877இல் வி.பி.பி. என்னும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. 1880இல் மணியார்டர் வேலையையும் தானே ஏற்றுக்கொண்டது. இவை வந்தபின், கடைத்தெருவே இல்லாத சிற்றூரானுக்கும் கல்கத்தாவும் பம்பாயும் கடைத்தெருவாயின. ஒரு கார்டு எழுதிப் போட்டால் போதும். பொருள் வீட்டு வாசலுக்கு வரும். தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

தபால் பையில் அடங்காத கனத்த பொருளுக்கும் இதே வழி உண்டு. வியாபாரி சரக்கை ரயிலில் ஏற்றி, ரயில்வே ரசீதைப் பெற்று, அந்த ரசீதை வி.பி. தபாலில் அனுப்புவான். வாங்குபவர் பணம் கட்டி ரசீதை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்து சரக்கை மீட்பார். ஆக, மாத்திரை டப்பாவும் வேலிக் கம்பிச் சுருளும் ஒரே முறையில் ஊர் வந்து சேர்ந்தன. இரண்டிலும் பணம் முந்தியது. பிரித்துப் பார்த்தல் பிந்தியது. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குத் தபாலும் பொறுப்பன்று, ரயிலும் பொறுப்பன்று. கட்டிய மூட்டையை நாம் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. ‘உள்ளிருப்பதாகச் சொல்லப்படுவது’ என்று எழுதி ரசீது கொடுப்பது எங்கள் தொழிலின் பழைய வழக்கம். இந்தச் சொற்களில் எத்தனை பொருள் அடங்கியிருக்கிறது என்பதை இவ்வரலாற்றைக் கற்றபின்னரே உணர்ந்தோம்.

முதலில் வேலியைப் பார்ப்போம். நம் முன்னோர் வேலியைக் காசு கொடுத்து வாங்கியதில்லை, நட்டு வளர்த்தார்கள். கிளுவைப் போத்தை ஒடித்து ஊன்றினால் அது துளிர்த்து வேலியாகும். கள்ளியும் அப்படியே. ரயில் பாதையோரங்களில் ஆனைக்கற்றாழையை வரிசையாக நட்டனர்; சில ஊர்களில் இன்றும் அதற்கு ரயில் கற்றாழை என்றே பெயர். சப்பாத்திக்கள்ளியோ வேலியாக வந்து வினையாக முடிந்தது. அது நிலங்களையும் மேய்ச்சற் காடுகளையும் மூடிக்கொள்ளவே, அதை அழிக்கும் செதிற்பூச்சியை 1924இல் இலங்கைக்கும் 1926இல் தென்னிந்தியாவுக்கும் கொணர்ந்தார்கள். அப்பூச்சி பரவிய இடமெல்லாம் கள்ளிக் காடு வாடி விழுந்தது.

முள்கம்பி பிறந்தது அமெரிக்காவில். இல்லினாய் மாகாணத்து விவசாயியாகிய ஜோசப் கிளிடன் என்பார் 1874இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மரமும் கல்லும் அரிதான அந்நாட்டுப் புல்வெளிகளில் அது வேகமாகப் பரவிற்று. நம் நாட்டில் ரயில்வேயும் ஜமீன்களும் பெருந்தோட்டக்காரரும் கம்பி வேலி போட்டார்கள். சாதாரணக் குடியானவனுக்கு அது நெடுநாள் ஆசைப் பொருளாகவே இருந்தது. 1920இல் ஜாம்ஷெட்பூரில் கம்பி இழுக்கும் தொழிற்சாலை தோன்றும் வரை அது பெரும்பாலும் கப்பலில் வந்த சரக்கு.

எனினும் கம்பியில் ஒரு நேர்மை உண்டு. அதைக் கையால் வளைத்துப் பார்க்கலாம்; தராசில் ஏற்றி நிறுக்கலாம். துத்தநாகப் பூச்சு மெலிதானால் சில மழைக்காலத்தில் துரு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏமாந்தவன் அடுத்த முறை அதே வியாபாரிக்குக் கார்டு எழுத மாட்டான். பொய்ச் சரக்கு நிலத்திலேயே நின்று சாட்சி சொல்லும்.

மருந்தின் கதை வேறு. மாத்திரையின் உள்ளே இருப்பதைக் கண்ணாலும் கையாலும் அறிய முடியாது. நோய் தானே தணிந்தாலும் மருந்துக்குப் பெயர்; தணியாவிட்டால் பத்தியம் தவறினாய் என்று நோயாளிக்குப் பழி. இங்கிலாந்தில் பீச்சம் மாத்திரை என்று ஒன்று பெரும்பெயர் பெற்றிருந்தது, இந்தியாவிலும் விற்பனையாயிற்று. பெட்டி ஒன்று ஒரு கினி பெறும் என்பது அதன் விளம்பரம். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இத்தகைய இரகசிய மருந்துகளைச் சோதித்து 1909இல் ஒரு நூல் வெளியிட்டது. அம்மாத்திரையில் இருந்தவை மூசாம்பரம், இஞ்சி, சோப்பு ஆகியனவே. 56 மாத்திரை கொண்ட பெட்டியின் விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. உள்ளிருந்த சரக்கின் விலையோ அரைப் பார்த்திங். அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு பென்னி ஓர் அணா. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்றரைத் தம்படிச் சரக்குக்குப் பதின்மூன்றரை அணா விலை. சரியாக நூற்றெட்டு மடங்கு!

தபாலில் வந்த மருந்தெல்லாம் புரட்டு என்று நாம் சொல்லவில்லை. 1884இல் கல்கத்தாவில் தொழில் தொடங்கிய டாக்டர் எஸ்.கே. பர்மன், வைத்தியர் இல்லாத வங்கச் சிற்றூர்களுக்குத் தபால் வழியே மருந்து அனுப்பினார். டாபர் நிறுவனம் அவர் நட்ட விதை. தெலுங்கு நாட்டுப் பெரியார் காசீநாதுனி நாகேசுவரராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். சங்கீதக் கச்சேரிகளில் அதை இலவசமாக வழங்கி மக்களுக்குப் பழக்கினார் என்பர். தடவிப் பார், பிறகு வாங்கு என்னும் வழி அது. அந்த வருவாயைக் கொண்டு 1908இல் ஆந்திர பத்திரிகையை வாரத்தாளாகத் தொடங்கி, 1914இல் சென்னையில் நாளிதழாக்கித் தேச சேவை செய்தார். நாம் வாழ வந்த மண்ணின் மொழிக்கு ஒரு தலைவலித் தைலம் செய்த தொண்டு இது.

பின் ஏன் மக்கள் காணாத மாத்திரையை நம்பினர்? ஆஸ்பத்திரி தொலைவில் இருந்தது. வெளியில் சொல்லக் கூசும் நோய்களும் இருந்தன. மூடிய பார்சல் மானத்தைக் காத்தது. பஞ்சாங்கத்தின் பின்பக்கத்திலும் பத்திரிகையின் ஓரத்திலும் அச்சான வாக்கு, அச்சான காரணத்தாலேயே மெய்போல் தோன்றிற்று.

இதற்கு எம் குடும்பமே சாட்சி. எம் பாட்டியார் திருத்தணிப் பக்கத்தவர். அவ்வூர் அந்நாளில் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. 1930களின் இறுதியில் அவருடைய தந்தையார், வேர்க்கடலைக் கொல்லையைப் பன்றிகள் பாழாக்குவது பொறாமல், வேலிக் கம்பி வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தார். பாட்டியாரின் தம்பிக்குக் காக்காய்வலிப்பு. பஞ்சாங்கத்தில் ஒரு விளம்பரம்: மூன்றே டப்பாவில் வலிப்பு ஒழியும், தவறினால் பணம் வாபஸ். கம்பிப் பணம் ஒவ்வொரு டப்பாவாகத் தபால்காரர் கைக்குப் போயிற்று. மூன்றாவது டப்பா தீர்ந்த பின் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. அந்தத் தை மாதம் ஏற்றக் கிணற்றங்கரையில் வலிப்புக் கண்டு பிள்ளை உள்ளே விழுந்தான். எடுத்தபோது உயிரில்லை, பதினொரு வயது.

வலிப்புக்கு 1912 முதலே மருத்துவர்கள் பெனோபார்பிட்டால் என்னும் மருந்தைக் கொடுத்து வந்தனர். டப்பாவைக் கொண்டுவந்த அதே ரயில், பிள்ளையைச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கும். அதைச் சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. பாட்டியார் அந்த டப்பா ஒன்றைச் சுண்ணாம்புச் சிமிழாக வைத்திருந்தார். எறிந்துவிடலாமே என்று ஒருமுறை கேட்டோம். “இருக்கட்டும்டா, அவன் கைபட்டது” என்றார்.

சட்டம் மெல்லவே வந்தது. 1930இல் கர்னல் சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைந்தது. 1931இல் அறிக்கை தந்தது. 1940இல் மருந்துச் சட்டம் பிறந்தது. மந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் சுதந்திரத்துக்குப் பின் 1954இலேயே வந்தது. இவ்விளம்பரங்கள் பேச்சுரிமை என்று வழக்காடினர். வியாபாரத்துக்காகச் செய்யும் இத்தகைய விளம்பரம் அவ்வுரிமையில் அடங்காது என்று 1959இல் சுப்ரீம் கோர்ட் கூறிற்று. குணமாகும் என்று விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் இன்று வலிப்பும் உண்டு. நீரிழிவும் ஆஸ்துமாவும் உண்டு.

இப்போது பஞ்சாங்கத்தின் இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. தபால்காரர் வரும் வாசலில் பார்சல் பையன் வந்து நிற்கிறான். நம் குடியிருப்பிலும் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் பெரியோர் பலர். நாற்பது நாளில் ஊசியை விட்டுவிடலாம் என்னும் வாக்கு அவர்கள் கைபேசிக்கும் வருகிறது. விலை போனால் போகட்டும். அதை நம்பி ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே சங்கத்துத் தாய்மாருக்கும் பெரியோருக்கும் எம் விண்ணப்பம் ஒன்றே. வேலிக் கம்பியைத் தபாலில் வேண்டுமானாலும் வாங்குங்கள். கெட்டால் கொல்லையோடு போகும். மருந்துப் பார்சல் வந்தால், பணத்தைக் கொடுக்குமுன் ஒரு மருத்துவரை, அல்லது நம்முள் விவரம் அறிந்த ஒருவரைக் கேளுங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் எமக்குச் சொல்லியனுப்புங்கள். ரேணிகுண்டாவானாலும் திருப்பதியானாலும் ஆஸ்பத்திரிக்கு உடன் வருகிறோம். நோயைச் சொல்ல வெட்கப்பட வேண்டா. அயலூரில் வாழும் நமக்குச் சங்கம் என்று ஒன்று இருப்பது இதற்கும் சேர்த்துத்தான்.